சூப்பர் ஹீரோ பள்ளிக்கூடப் படம்: பயிற்சிக் காட்சியைக் கட்டுவது எப்படி?

அபூர்வ சக்தி உள்ள பிள்ளைகளைப் பழக்கும் குடும்பப் படங்களில் பயிற்சிக் காட்சி என்பது முதலில் பார்வையாளருக்கு நடக்கும் வகுப்பு. இந்தப் பிள்ளையால் என்ன முடியும், எவ்வளவு முடியும், எந்த நேரத்தில் அந்தச் சக்தி கைவிடும் என்று அங்கேதான் நாம் கற்றுக்கொள்கிறோம். கற்றதைக் கிளைமாக்ஸில் செலவழிக்கிறோம். சிரிப்பும் இதற்குள்ளேதான் பிறக்கிறது. சக்தியைப் பார்த்து வாய் பிளப்போம், ஆனால் சிரிக்க மாட்டோம். அது எல்லையில் போய் முட்டி நிற்கும்போதுதான் சிரிப்பு வரும். இந்த வகைக் கதை எழுதுகிறவர்கள் சண்டைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைப் பயிற்சிக்குச் செலவிட்டாலே படம் நிமிர்ந்துவிடும்.

பாடமாக எடுத்துக்கொள்ள ஏற்ற படம் 2005-ல் டிஸ்னி வெளியிட்ட 'ஸ்கை ஹை'. இயக்கியவர் மைக் மிட்செல். வானத்தில் மிதக்கும் ஒரு பள்ளிக்கூடம். அப்பாவுக்கு அசுர பலம், அம்மாவுக்குப் பறக்கும் சக்தி. மகன் வில்லுக்கு ஒன்றுமே இல்லை. முதல் நாளே உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக மேடையேற்றி, "ஹீரோ", "எடுபிடி" என்று பிரிக்கிறார்கள். பிரிக்கிறவர் கோச் பூமர், நடித்தவர் புரூஸ் கேம்பெல். அந்த ஒரே காட்சி எத்தனை வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள். ஒரு பையன் உருகிக் குட்டையாகிறான். ஒரு பெண் எலியைப் போன்ற சிறு பிராணியான கினிப் பன்றியாக மாறுகிறாள். ஒருவன் உடம்பு ஒளிரும், ஆனால் நல்ல வெளிச்சத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. செடி கொடிகளை ஆட்டிவைக்கும் லைலா, தேவையில்லாத இடத்தில் சக்தியைக் காட்ட மாட்டேன் என்று மறுத்து, அதற்காகவே எடுபிடி வகுப்புக்குப் போகிறாள். நாம் சிரித்துக்கொண்டே நான்கு விதிகளைப் படித்துவிட்டோம்.

பிற்பாடு இருண்ட காற்றுக் குழாய்க்குள் ஒளிரும் பையன் விளக்காகிறான். கினிப் பன்றி நுழையக்கூடிய இடத்தில் மனிதர் யாரும் நுழைய முடியாது. பள்ளியைக் கீழே விழவைக்கும் கருவியின் வயரைக் கடிக்க அதன் பல்லே போதும். லைலா தன்னை ஒருத்தி அடித்த பிறகுதான் கொடிகளைக் கிளப்புகிறாள், அதாவது முதல் நாள் சொன்ன சொல்லை அவள் மீறவே இல்லை. பஸ் ஓட்டுநரைக்கூட இந்தப் படம் வீணாக்கவில்லை. பெற்றோர் இருவருமே சூப்பர் ஹீரோக்களாக இருந்தும் சக்தி வராமல் போனவர் அவர். வில்லின் பயத்துக்கு முகம் கொடுக்கத்தான் அவரை முதலில் கொண்டுவருகிறார்கள்.

இனி எழுதும் மேசைக்கு வருவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன முடியும், அளவு என்ன, எது அதைக் கிளப்பும், அன்றாட வாழ்க்கையில் அதனால் என்ன தொல்லை. அளவை எண்ணாகவே எழுத வேண்டும். "கொஞ்ச தூரம்", "ரொம்ப கனம்" என்று விட்டால் கிளைமாக்ஸில் நம் வசதிக்கு நீட்டிக்கொள்வோம், அதைப் பத்து வயதுப் பிள்ளை உடனே பிடித்துவிடும்.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். பத்து வயதுப் பெண். கண்ணெதிரே இருக்கும் பொருளோடு இடம் மாறிக்கொள்வாள். பொருள் அவள் எடையளவு, அதாவது 30 கிலோவுக்கு ஒரு கிலோ முன்னே பின்னே இருக்க வேண்டும். 5 விநாடி இமைக்காமல் பார்க்க வேண்டும். அந்தப் பொருள் எங்கே இருந்ததோ அங்கேயே போய் விழுவாள்; இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முதல் பயிற்சி: 10 மீட்டர் தள்ளி 30 கிலோ மணல்மூட்டை. நான்காவது விநாடியில் இமைத்துவிடுகிறாள். இமைக்கக் கூடாது என்ற விதி பதிந்தது. இரண்டாவது: யாரோ 20 கிலோ மூட்டையை வைத்துவிட்டார்கள். விறைத்துப் பார்த்துக் கண்ணில் நீர் வழிகிறது, மூட்டை அசையவில்லை. எடை விதி பதிந்தது. மூன்றாவது: சரியான மூட்டைதான், ஆனால் கோச் அதை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டுப் பெண்ணின் பக்கத்தில் நிற்கிறார். கண் மூடித் திறப்பதற்குள் அவள் அலமாரி மேலே, மூட்டை கோச்சின் கால் மேலே. மூன்று தோல்விக்கு மூன்று காரணம். ஒரே காரணத்துக்காக இரண்டு முறை தோற்றால் அந்த இரண்டாவது காட்சியை வெட்டிவிடலாம்.

இப்போது கிளைமாக்ஸ். பூட்டிய கூண்டுக்குள் வில்லனின் 36 கிலோ ரோபோ. அவள் தன் புத்தகப்பையைத் திறந்து, கீழே கிடக்கும் இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறாள்: பையோடு சேர்ந்து அவள் எடை 36 கிலோ ஆக வேண்டும். வசனமே வேண்டாம். அரங்கில் உள்ள பிள்ளைகள் அவளுக்கு அரை நிமிடம் முன்னாலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். இந்த அரை நிமிடத்துக்காகத்தான் முன்னே அத்தனை நேரம் செலவழித்தோம்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் பாட்டுப் போட்டு ஓட்டும் பயிற்சித் தொகுப்பு. இரண்டரை நிமிடப் பாட்டில் ஐந்து பேரும் தடுமாறி, விழுந்து, எழுந்து, கடைசி வரியில் கெட்டிக்காரர் ஆகிவிடுவார்கள். தேறிவிட்டார்கள் என்று தெரியும். எதனால் தேறினார்கள் என்று தெரியாது. கடைசிச் சண்டையில் அவர்கள் ஜெயிக்கும்போது நமக்கு எந்தப் பங்கும் இல்லை. தொகுப்பு வேண்டுமென்றால் மூன்று முழுப் பயிற்சிக்குப் பிறகு, ஏற்கெனவே கற்ற விதிகளை வேகமாகத் திருப்பிப் பார்க்க மட்டும் வையுங்கள். 100 நிமிடப் படமென்றால் முதல் பயிற்சி 25-வது நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

பிள்ளைகள் எத்தனை பேர்? நான்கு அல்லது ஐந்து பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மூன்று தோல்வி கொடுக்க இடம் இருக்கும். ராபர்ட் ரோட்ரிகஸ் 2020-ல் நெட்ஃப்ளிக்ஸுக்காக எடுத்த 'வி கேன் பி ஹீரோஸ்' படத்தில் 11 பிள்ளைகள். பெயரைக் கேட்டதுமே சக்தி புரியும்படி வைத்து அவர் சமாளித்திருக்கிறார்: நூடுல்ஸின் உடம்பு நீளும், ஸ்லோ-மோ எப்போதும் மெதுவாகவே நகர்வான். சக்தியே இல்லாத மிஸ்ஸியைத் தலைவியாக்கியது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். மற்றவர்களின் எல்லைகளை எடைபோட்டு யாரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவள் அவள், அதனால் நமக்கும் பாடம் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

ஆசிரியருக்கும் ஒரு எல்லை வேண்டும். 'ஸ்கை ஹை'யில் எடுபிடிகளுக்குப் பாடம் நடத்துபவர், வில்லின் அப்பாவுக்கே ஒரு காலத்தில் எடுபிடியாக இருந்தவர். தலைமையாசிரியையாக வருபவர் 1970-களின் தொலைக்காட்சித் தொடரில் வொண்டர் வுமனாக நடித்த லிண்டா கார்ட்டர். அப்பா அம்மாக்களுக்கு அது தனிச் சிரிப்பு. தெரியாத பிள்ளைகளுக்கு எதுவும் குறையாது. இந்த அளவோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். பெரிய நடிகர் ஆசிரியராக வந்தால் கதை அவருடைய பழைய புகழைப் பற்றியதாக மாறி, பிள்ளைகள் ஓரத்தில் நிற்பார்கள்.

பிள்ளையின் உடல்வாகையோ பேச்சையோ கேலி செய்யும் சிரிப்பு இங்கே கூடவே கூடாது. சக்தியைப் பார்த்துச் சிரிக்கலாம். வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஆபத்தையும் யோசிக்க வேண்டும்: மாடியிலிருந்து குதித்தால்தான் பறக்கும் சக்தி வரும் என்று எழுதாதீர்கள். பிரிட்டனின் திரைப்பட வகைப்பாட்டு அமைப்பான பிபிஎஃப்சி, பிள்ளைகள் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்துகளைத் தனியாகவே கவனிக்கிறது.

படப்பிடிப்பில் முதல் பிரச்சினை நேரம். கலிபோர்னியா விதிப்படி பள்ளி நாட்களில் 9 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளை படப்பிடிப்பு இடத்தில் 9 மணி நேரம்தான் இருக்கலாம். அதில் 5 மணி வேலை, 3 மணி படிப்பு, 1 மணி ஓய்வு. 6 முதல் 8 வயது என்றால் மொத்தம் 8, வேலை 4. 16, 17 வயதுக்காரர்களுக்கு மொத்தம் 10, வேலை 6. கூடவே படப்பிடிப்பு ஆசிரியர் இருப்பார். ஆகவே பிள்ளையின் முகம் தெரியும் ஷாட்டுகளை முதலில் முடித்துவிட வேண்டும். முதுகுப்பக்கம், தூரக் காட்சிகளுக்கு உயரம் ஒத்த, 18 வயது நிரம்பிய டூப் போதும். கோச்சின் முகபாவங்களைப் பிள்ளை போன பிறகு எடுக்கலாம், ஆனால் அவர் பார்க்க வேண்டிய உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் டேப் ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பார்வை தலைக்கு மேலே போய்விடும்.

இடம் மாறும் தந்திரத்துக்குப் பெரிய செலவு இல்லை. கேமராவை டிரைபாடில் இறுக்கி, ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிறச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட்டு, மூன்று தடவை எடுக்க வேண்டும்: பிள்ளையோடு, மூட்டையோடு, இரண்டும் இல்லாமல். மூன்றையும் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள், ஜன்னல் வெயில் நகர்ந்தால் தரை நிழல் காட்டிக்கொடுத்துவிடும். பலர் கோட்டைவிடும் இடம் ஜிம் தரையில் விரித்த மெத்தைப் பாய். பிள்ளை நிற்கும்போது அது அமுங்கியிருக்கும். அவள் மறைந்ததும் எழும்ப வேண்டும். அந்த எழும்பலைத் தனியாக எடுத்துச் சேர்த்தால்தான் அங்கே நிஜமாகவே ஒரு கனம் இருந்து போனது போல் தெரியும். ஒலியைப் படத்துக்கு இரண்டு ஃபிரேம் (ஓடும் படத்தின் ஒவ்வொரு தனி நிலைப்படமும் ஒரு ஃபிரேம்) முன்னதாக வையுங்கள். மாறியபின் கோச் ஒரு விநாடி மூட்டையை வெறித்துப் பார்க்கட்டும், வலி அதற்கப்புறம் வரட்டும்.

மூட்டைக்குள் மணல் இருக்காது, தெர்மாகோல் மணிதான். அது தரையில் பட்டதும் துள்ளும், குட்டு உடைந்துவிடும். அடியில் ஒரு சிறு மணல்பையைத் தைத்துவிடலாம். ஆனால் யார் மேலாவது படும் ஷாட்டுக்கு அதை எடுத்துவிட்டு, துள்ளுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும். பலசாலிப் பிள்ளை தூக்கும் எந்தப் பொருளுக்கும் இதே கதைதான்: தூக்குவதற்கு முன் மற்றவர் இருவர் அதைத் தள்ளிப் பார்த்துத் தோற்பதைக் காட்டினால் பொருளுக்குக் கனம் வந்துவிடும்.

பறப்பதற்கு இடுப்புக்கு இருபுறமும் கம்பி மாட்டிய ஹார்னஸ், அதாவது உடம்பைத் தாங்கும் பட்டைக் கச்சை. உடைக்குள் அது உட்கார ஒரு அளவு பெரிதாகத் தைத்து, கம்பி வர இரு ஓட்டையும் விட வேண்டும். உடை இல்லாமல் ஒத்திகை பார்த்துவிட்டு, அன்றைக்குக் காலையில் ஓட்டை இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தால் பிள்ளையின் 5 மணியில் ஒரு மணி போய்விடும். கம்பி வேலையைப் பயிற்சி பெற்ற ஸ்டண்ட் குழு தவிர வேறு யாரும் தொடக் கூடாது. மின்னல் வேக ஓட்டத்துக்கு விநாடிக்கு 12 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் வேகம் இரட்டிப்பாகும்; பின்னால் நிற்பவர்கள் பாதி வேகத்தில் அசைய வேண்டும். முடியையும் துணியையும் அப்படி அசையச் சொல்ல முடியாது என்பதால் மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

எடிட்டிங் முடிந்ததும் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் சிலருக்குப் படத்தைப் போட்டு, அவள் புத்தகப்பையைத் திறக்கும் இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்: இப்போது என்ன செய்யப் போகிறாள்? பாதிப் பேராவது இரும்பை நிறைப்பாள் என்று சொன்னால் அப்படியே விடலாம். யாருமே சொல்லவில்லை என்றால் கோளாறு கிளைமாக்ஸில் இருக்காது. 20 கிலோ மூட்டைக் காட்சிக்குத் திரும்பிப் போய், தராசின் முள்ளுக்கு ஒரு க்ளோஸப் சேர்த்துவிடுங்கள்.