தொல்லியல் அறிவியல் நாட்குறிப்பு: இரண்டாம் பருவம்

ஜனவரி 9

பருவத்தின் முதல் வகுப்பே கரிமம்-14 (கதிரியக்கக் கரிமம்) காலக்கணிப்பைப் பற்றியது. வில்லார்டு லிபியின் குழு 1949-இல் வெளியிட்ட இந்த முறைக்காக அவருக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிர் உள்ளவரை உடலுக்குள் புதிய கரிமம் வந்துகொண்டே இருக்கிறது. இறந்தபின் அந்த வரவு நின்றுபோக, உள்ளிருக்கும் கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. இவ்வளவும் பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் ஆய்வகம் தரும் எண் எந்த நிகழ்வுக்கு உரியது என்ற கேள்வியை இன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அடுப்பில் கிடைத்த கரித்துண்டு சொல்வது அடுப்பு எரிந்த ஆண்டை அன்று, அந்த மரவளையம் வளர்ந்த ஆண்டை. முந்நூறு ஆண்டுகள் வாழ்ந்த மரத்தின் நடுப்பகுதி விறகாகியிருந்தால், அடுப்பும் உண்மையைவிட ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பழமையானதாகத் தோன்றிவிடும். ஒரே பருவத்தில் விளைந்து முடியும் தானிய மணிகளுக்குத் தொல்லியலில் இத்தனை மதிப்பு ஏன் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

ஜனவரி 17

இன்று அளவுத்திருத்தம். வளிமண்டலத்தில் கரிமம்-14-இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே ஆய்வகம் தரும் மூல எண்ணை, மரவளையங்கள் முதலியவற்றைக் கொண்டு வரைந்த வளைகோட்டோடு பொருத்திய பிறகே நாட்காட்டி ஆண்டாக மாற்ற முடியும். இப்போது வடகோளத்துக்குப் பயன்படும் இன்ட்கால்20 வளைகோடு சுமார் 55,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கிறது. மூல எண்ணில் ‘இன்று’ என்பது 1950-ஐக் குறிக்கும் என்பதையும், பழைய முடிவுகளோடு ஒப்பிட ஏதுவாக 5,730-க்குப் பதிலாக லிபி பயன்படுத்திய 5,568 ஆண்டு அரைவாழ்வுக் காலத்தையே (பாதியாகக் குறையும் காலம்) இன்றும் மரபாகக் கையாள்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

வளைகோட்டில் பொ.ஆ.மு. 800 முதல் 400 வரையுள்ள பகுதி ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நான்கு நூற்றாண்டுகளுக்குள் விழும் ஒரு மாதிரியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், திருத்தியபின் விடை பல நூற்றாண்டுகளுக்குப் பரந்துவிடுகிறது. மேலும் விலையுயர்ந்த கருவியை வாங்குவதால் இது தீராது. மண்ணடுக்குகளின் முன்பின் வரிசையையும் கணக்கில் சேர்த்து, முன்னரே தெரிந்ததை அளவீட்டோடு இணைக்கும் பேய்சியப் புள்ளியியல் வழியாக வரம்பைக் குறுக்குவதே இங்கே கைகொடுக்கும் வழி. களத்தில் அடுக்குகளை ஒழுங்காகப் பதிவு செய்தவரின் உழைப்பு ஆய்வகக் கணக்கில் நேரடியாகப் பலன் தருவது இங்கேதான்; அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது.

ஜனவரி 24

மண்ணை நீரில் கலக்கிக் கருகிய விதைகளை மிதக்கவிட்டுச் சேகரிக்கும் பயிற்சி. மிதந்து வருவதெல்லாம் அந்த அடுக்குக்கு உரியதாகிவிடாது. வேர்த் துளைகள் வழியாகவும் எறும்புகளாலும் பிற்கால விதைகள் கீழே இறங்கிவிடக்கூடும்.

பிப்ரவரி 6

எலும்பிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. சிறு எலும்புத் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்நிலையில் ஊறவைத்தால், சில நாள்களில் கனிமப் பகுதி கரைந்து, துண்டின் வடிவம் மாறாமல் வளையக்கூடிய மென்மையான பொருள் எஞ்சுகிறது. மண்ணிலிருந்து ஏறிய கரிமச் சேர்மங்களைக் காரக் கரைசலால் நீக்கி, இளஞ்சூடான அமில நீரில் கொலாஜனைக் கரைத்து வடிகட்டி உறைநிலையில் உலர்த்தினால், வெண்பஞ்சு போன்ற ஒரு பொருள் கிடைக்கிறது. அதில் கரிம அணுக்களுக்கும் நைட்ரஜன் அணுக்களுக்கும் உள்ள விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் அமைந்தால்தான் அது சிதையாத கொலாஜன் என்று கொள்கிறார்கள். இந்தச் சோதனையில் தேறாத மாதிரியை மேற்கொண்டு அளப்பது வீண் என்றே நானும் கருதுகிறேன்.

பிப்ரவரி 21

ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) வகுப்பில், அளவீடு எந்தக் காலத்துக்கு உரியது என்ற அதே கேள்வி வேறு வடிவில் வந்தது. வளர்ந்தவரின் எலும்பு மெல்லப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால், அதன் கொலாஜன் இறப்புக்கு முந்தைய பல ஆண்டுகளின் உணவைச் சேர்த்துக் காட்டுகிறது. பற்சிப்பியோ குழந்தைப் பருவத்தில் உருவானபின் மாறுவதில்லை; அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் ஒருவர் சிறுவயதில் வாழ்ந்த நிலத்தின் பாறை வகையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரே மனிதரின் பல்லும் எலும்பும் வெவ்வேறு வயதுகளைப் பேசுகின்றன என்பதை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

உணவுக்கும் காலக்கணிப்புக்கும் உள்ள தொடர்பும் இதே வகுப்பில் தெளிவானது. கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால், கடல் உணவை மிகுதியாக உண்டவரின் எலும்பு உண்மையைவிடச் சில நூற்றாண்டுகள் முந்தையதாகத் தோன்றும். நைட்ரஜன் ஐசோடோப்பு அளவு உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை உயர்வதால், கரிம ஐசோடோப்போடு சேர்த்துப் பார்க்கும்போது கடல் உணவின் பங்கை மதிப்பிட்டு அந்தப் பிழையைத் திருத்த வழி பிறக்கிறது.

மார்ச் 5

ஆய்வேட்டுக்கான மாதிரி விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். கரிமம்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானிக்குச் சில மில்லிகிராம் பொருளே போதும் என்றாலும், எடுத்த அந்தப் பகுதி அழிந்தே போகிறது. மனித எச்சங்களைத் தொடுவதற்கு இன்னும் வலுவான காரணம் வேண்டும். ஆகவே எலும்பை விட்டுவிட்டு, ஒரு சேமிப்புக் குழியின் அடியில் கிடைத்த கருகிய தானியங்களில் இரண்டை மட்டும் தனித்தனியாக அளக்கக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் குழி கலையாமல் இருந்தது என்று கொள்ள வலு சேரும்; முரண்பட்டால், குழியின் மண் பிற்காலத்தில் கலைந்ததா என்பதை அகழாய்வுக் குறிப்பேடுகளோடு ஒப்பிட்டு முதலில் ஆராய வேண்டும்.