ஐந்து என்ன? – செப்டம்பர் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, ஞாயிறு

எங்களுக்குப் பார்மசி சொல்லிக்கொடுத்த சாருக்குப் பாராட்டு விழா 29ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. கல்மண்டபம் பக்கத்திலேயே ஹால். மாலை, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் எல்லாம் வழக்கப்படி. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. விழா மலருக்கு வந்த ஆறு கட்டுரைகளில்தான் வயிற்றெரிச்சல். இரண்டில் சார் ஏணி, இரண்டில் மெழுகுவர்த்தி, ஒன்றில் கலங்கரை விளக்கம். ஆறாவது கவிதை. ஆறிலும் தேடினால் ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

குரூப்பில் போட்டாயிற்று: சாரிடம் கற்றதில் இந்த வாரம் மருந்துக்கடை கவுண்டரில் கைகொடுத்த ஒன்று. அளவோடு எழுதவும். புகழ்ச்சி வேண்டாம். 16 பக்கம், 300 பிரதி.

செப்டம்பர் 9

சார் ஆஸ்பத்திரியில்தான். டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 10

முதலில் வந்தது தண்டையார்பேட்டையிலிருந்து. இன்சுலின் சிரிஞ்ச். வேறெதுவாக இருக்கும்!

நம் ஊரில் குப்பி பெரும்பாலும் யு-40, அதாவது 1 மி.லி.யில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா கார்ட்ரிட்ஜ் யு-100. அந்த அளவுக்கு ஆரஞ்சு மூடி. சீட்டில் 20 யூனிட். யு-40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி., ஆக 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் இன்னும் மோசம். பேனா பழுது என்று கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 20 வரை இழுத்தால் 0.5 மி.லி. அது 50 யூனிட். ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை விழுந்துவிடும்.

இதை சார் சொல்லிக்கொடுத்த விதம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டு சிரிஞ்சிலும் 20 வரை தண்ணீர் இழுத்து, இரண்டையும் தனித்தனியாக 1 மி.லி. அளவுக் குழாயில் விடச் சொல்வார். கணக்கை அதற்கு அப்புறம்தான் பலகையில் எழுதுவார். கட்டுரையில் கூடுதலாக ஒன்று: சிரிஞ்ச் தனியாகக் கேட்டு வந்தால் பழைய குப்பியையோ அதன் அட்டையையோ காட்டச் சொல்லாமல் கொடுப்பதில்லை என்று தண்டையார்பேட்டைக்காரர் எழுதியிருக்கிறார். கடையில் கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

செப்டம்பர் 12

டிரை சிரப் (தூளாக வரும், தண்ணீர் கலந்து கொடுக்கும் மருந்து) பற்றி மூன்று பேர். மூவரும் ஒரே விஷயம், ஆகவே ஒன்றாக்கிவிட்டேன்.

பாட்டிலை முதலில் உள்ளங்கையில் தட்டித் தூளை உதிர்க்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர். குறியில் பாதி வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும்வரை கீழே வைக்க வேண்டும். பிறகுதான் குறி வரை நிரப்பி மறுபடி குலுக்குவது. ஒரே மூச்சில் ஊற்றினால் நுரைதான் குறியைத் தொடும், மருந்து தொடாது. நுரை அடங்கியபின் மட்டம் கீழே போய்விடும், மருந்து கெட்டியாகிவிடும். தூள் அடியில் ஒட்டிக்கொண்டால் முதல் நாள் குழந்தைக்கு வெறும் தண்ணீர், கடைசி நாள் இரட்டை டோஸ். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுத வேண்டும். எத்தனை நாள் வைக்கலாம் என்பது லேபிளில் இருக்கும், பெரும்பாலும் 7. வெந்நீர் கூடவே கூடாது.

செப்டம்பர் 13

சாருக்குப் பிரஷர் பரவாயில்லை. வலது கை அப்படியேதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலையிலிருந்து மேளம். பிள்ளையார்கள் வரிசையாகக் காசிமேட்டுக்குப் போகிறார்கள். உட்கார்ந்து நானே ஒரு பக்கம் எழுதினேன். குறுந்தூள் எடை, அதாவது மிகக் கொஞ்சமான மருந்துத் தூளை நிறுப்பது.

மருந்து நிறுக்கும் டிஸ்பென்சிங் தராசில் 100 மி.கி.க்குக் கீழே நிறுக்கக் கூடாது. தராசின் பிழையே டோஸை விழுங்கிவிடும். 5 மி.கி. வீதம் 10 பொட்டலம் என்றால் தேவை 50 மி.கி.தான். எனவே 100 மி.கி. மருந்தை நிறுத்து, 1000 மி.கி. லாக்டோஸோடு (பால் சர்க்கரை, அளவைக் கூட்ட மட்டும்) கலந்து, அதிலிருந்து 500 மி.கி. எடுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிக் கிண்டினால் கலக்காது. கல்வத்தில் மருந்து 100, லாக்டோஸ் 100. அரைத்தபின் அந்த 200க்கு 200. அடுத்து 400க்கு 400. கடைசியில் மிச்சம் 300. ஒவ்வொரு சுற்றிலும் கல்வத்தின் ஓரத்தைச் சுரண்டி நடுவுக்குக் கொண்டுவராவிட்டால் முதல் பொட்டலமும் பத்தாவதும் ஒன்றாக இருக்காது.

பச்சைக்கற்பூரமும் மெந்தாலும் சேர்த்து அரைத்தால் தண்ணியாகிவிடும் கூத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்தேன். இரண்டும் சேர்ந்தால் உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே போய்விடும். தனித்தனியாக லேசான மக்னீசியம் கார்பனேட்டில் புரட்டியெடுத்து, அழுத்தாமல் கலந்தால் தப்பிக்கலாம். இடமில்லை, விட்டாயிற்று.

செப்டம்பர் 16

மேடம் அனுப்பிவிட்டார். சாரோடு அதே துறையில் இருந்தவர். நான்கே வரி. விடைத்தாளில் அலகு எழுதாமல் 5 என்று மட்டும் இருந்தால் சார் பூஜ்யம் போட்டு, ‘ஐந்து என்ன, கத்தரிக்காயா?’ என்று சிவப்பு மையில் எழுதுவாராம். மேடம் முதலில் இதற்காக அவரோடு சண்டை போட்டாராம். அடுத்த வருஷம் அவரும் பூஜ்யம் போட ஆரம்பித்துவிட்டாராம்.

மலரில் இதுதான் முதல் பக்கம்.

செப்டம்பர் 17

சாரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பேச்சு இன்னும் குழறல்தான். மேஜைமேல் டிஸ்சார்ஜ் சீட்டும் புது மாத்திரைகளும். பக்கத்தில் பழைய டப்பா. சார் இடது கையால் டப்பாவைத் தட்டினார், சீட்டைத் தட்டினார், மறுபடி டப்பாவைத் தட்டினார்.

பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன் 40 மி.கி. இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கிறது. சீட்டில் ஒன்று, பழைய டப்பாவில் ஒன்று. வீட்டில் இரண்டையும் போட்டுக்கொண்டே இருப்பார்கள், ஏனென்றால் பழசை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்வதில்லை. இருப்பதை எல்லாம் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயர், மி.கி., வேளை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால்தான் தெரியும். எழுதினோம். டாக்டரிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு பழைய ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டார்கள்.

சார் அப்புறம்தான் காபி குடித்தார்.

செப்டம்பர் 18, புதன்

மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள். 7.5 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரை மூன்று. ‘வாரம் ஒரு முறை’ என்று சொன்னால் போதாது. மாத்திரை என்றாலே தினசரி என்றுதான் காதில் விழும். தினமும் போட்டால் முதலில் வாய்ப்புண், அடுத்து எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிரே போகலாம். கிழமையை எழுத வேண்டும். கவரில் பெரிய எழுத்தில், ‘புதன் மட்டும்’. கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமிலத்துக்கு டாக்டர் சொன்ன வேறு கிழமை, வேறு கவர்.

இந்த மருந்தை எடுத்தாலே சார் விஞ்ஞானி சுப்பாராவ் பக்கம் போய்விடுவார். பீமவரத்தில் பிறந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அமெரிக்காவில் லெடர்லி மருந்துக் கம்பெனியில் ஃபோலிக் அமில ஆராய்ச்சியை நடத்தியவர். மெத்தோட்ரெக்ஸேட் அந்த வழியில் வந்ததுதான். யானைக்கால் மாத்திரை டி.இ.சி.யும் அங்கிருந்துதான். அவர் மறைந்தது 1948. பார்மசி சட்டம் வந்ததும் 1948. ஒரே கேள்வியில் இரண்டையும் கேட்டு மார்க் போடுவார். பாதிப் பேர் தப்பிப்பது இதில்தான்.

செப்டம்பர் 19

ஓட்டேரியிலிருந்து ஒரே வரி: காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் கொடுக்கும்போதே சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்கள். அப்படியே போட்டாயிற்று.

செப்டம்பர் 20

ஓ.ஆர்.எஸ்., வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். 1 லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. மொத்தம் 20.5. பெரிய பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்குக் கொஞ்சமாகப் போடுவதுதான் வழக்கமான தப்பு. உப்பு ஒரு டம்ளரில் ஏறும், ஒன்றில் இறங்கும். முழுப் பாக்கெட், முழு லிட்டர், 24 மணி நேரம், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலையே அளவாகக் காட்டு என்பார் சார். வீட்டுச் சொம்பை நம்பாதே.

செப்டம்பர் 21, சனி

மலரின் புரூஃப் வந்தது. கை நடுங்கிவிட்டது.

பக்கம் 9, தைராய்டு மாத்திரை. லெவோதைராக்ஸின் 100 மைக்ரோகிராம் என்பதற்கு மைக்ரோவின் குறியான மியூ போட்டு, பக்கத்தில் ஜி என்று குறியில் தட்டியிருந்தது. அச்சகத்தில் எழுத்துரு மாற்றினார்கள். பழைய சிம்பல் எழுத்துருவில் மியூ உட்கார்ந்திருக்கும் சாவி எம். எழுத்துரு போனதும் மியூ எம் ஆகிவிட்டது. 100 மி.கி. ஆயிரம் மடங்கு! சாருக்கான மலரில்!

மைக்ரோகிராம் என்று முழுசாக எழுது, குறி போடாதே என்று நான்கு வருஷம் கத்தினவர் சார். 5.0 எழுதாதே, புள்ளி மங்கினால் 50 ஆகும். .5 எழுதாதே, 0.5 எழுது. எல்லாம் தெரியும். தெரிந்தும் தட்டியிருக்கிறோம்.

மூலத்தையும் புரூஃபையும் வைத்துக்கொண்டு இருவர் உட்கார்ந்தோம். ஒருவர் வாசிக்க, மற்றவர் விரல் வைத்துப் பார்க்க. எண்ணை இலக்கம் இலக்கமாக: ஒன்று, சைபர், சைபர். தமிழில் பதினைந்தும் ஐம்பதும் குழம்பாது. கவுண்டரில் நாம் இங்கிலீஷில் சொல்வதால்தான் ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆகிறது. ராத்திரி பதினொன்று வரை ஆனது. வேறு பிழை இல்லை.

செப்டம்பர் 22

சாருக்கு ஒரு பிரதி புரூஃப் கொடுத்தாயிற்று. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 23

மேடை வேண்டாம் என்கிறார்கள் சார் வீட்டில். ஹாலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பார்க்கலாம்.

செப்டம்பர் 24

அச்சு ஆரம்பம். கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.

செப்டம்பர் 25, புதன்

உலக மருந்தாளுநர் தினம். 1912இல் இதே நாளில் சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கியதாம். போனில் ரோஜாப்பூவாக வந்து குவிகிறது.

மாலை சார் வீட்டிலிருந்து புரூஃப் திரும்பி வந்தது. இடது கையால் பென்சில். கோழி கிறுக்கினது மாதிரி ஒரே ஒரு வட்டம், பக்கம் 11. 1000 என்ற எண்ணைச் சுற்றி. பக்கத்தில் 9 மாதிரி ஏதோ.

ஒன்பது. ஒன்பது பங்கு.

100 மி.கி. மருந்தோடு லாக்டோஸ் 900 சேர்த்தால்தான் மொத்தம் 1000, அதில் 500 எடுத்தால் 50. 1000 சேர்த்தால் மொத்தம் 1100. அதில் 500 எடுத்தால் 45.45. பொட்டலத்துக்கு 5 அல்ல, 4.5. கடைசிச் சுற்றில் மிச்சம் 300 என்று எழுதும்போதாவது உறைத்திருக்க வேண்டும். 200 அல்லவா இருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் படித்ததில் இது எப்படிச் சிக்கும்? மூலத்திலேயே 1000தான். மூலம் நான் எழுதியது.

அச்சகத்துக்கு ரிங் போகிறது. எடுக்கவில்லை.

செப்டம்பர் 26, காலை

கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ்.