சும்மா கேட்டேன்

ஆண்டறிக்கையின் முதல் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு என் பிரிவுத் தலைவர், “இதைப் பாட்டு கேட்டுக்கொண்டே எழுதினீர்களா?” என்றார். “ஆமாம் சார், ஏன்?” என்றேன். “ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நடந்தது அவ்வளவுதான். அறிக்கை திருத்தப்பட்டு அச்சாகிவிட்டது. எல்லோரும் அதை மறந்தும்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

வரைவு அலங்கோலமாகத்தான் இருந்தது. கொடுக்கும்போதே அதைச் சொல்லியிருந்தேன். புள்ளிவிவரம் வர வேண்டிய இடங்களில் ‘இங்கே எண் தேவை’ என்று எழுதி விட்டிருந்தேன். ஒரு பத்தி பாதியில் நின்றிருந்தது. இன்னொன்றில் அடுத்தடுத்த மூன்று வாக்கியங்கள் ‘எனவே’ என்று தொடங்கின. முதல் வரைவு என்பது அப்படித்தான் இருக்கும். அமைதியான அறையில் உட்கார்ந்தால் முதல் வாக்கியத்தையே நண்பகல்வரை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருப்பவன் நான். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய பாடல் ஒன்று காதில் ஓடினால், எனக்குள் இருந்து குறை சொல்லும் ஆள் அதன் பக்கம் போய்விடுகிறார். கை தன்பாட்டில் எழுதுகிறது. வரிகள் மனப்பாடமாகிவிட்ட பாடல் என்பதால் அதன் சொற்கள் என் சொற்களோடு மோதுவதில்லை என்றுதான் நம்பிவந்தேன்.

ஆராய்ச்சிகள் என் பக்கம் இல்லை. சொற்கள் உள்ள பாடல், வெறும் வாத்திய இசையைவிட அதிகமாகக் குறுகிய கால நினைவைக் குலைக்கிறது என்று 1989-இல் ஓர் ஆய்வு காட்டியது. கணினியில் கட்டுரை எழுதிய கல்லூரி மாணவர்களின் எழுத்தோட்டம் பின்னணி இசையால் தடைபட்டதாக 2001-இல் வெளியான இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆனால் அவர்கள் மதிப்பிடப்படுவதற்காக எழுதியவர்கள். நானோ திருத்தப்படுவதற்காக எழுதினேன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள்களில் அந்தச் சமாதானம் போதுமானதாக இருக்கிறது. சில நாள்களில், குறை சொல்லும் ஆளை வெளியே அனுப்பிவிட்டு எழுதியதை அலுவலகத்தில் நீட்டலாமா என்று தோன்றுகிறது.

அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வாக்கியங்கள் ஒரே தாளத்தில் முடிந்தனவா? அல்லது நான் காதில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்ததை வழியில் பார்த்திருந்தாரா? அப்படியானால் அந்தக் கேள்வியில் விமர்சனமே இல்லை. திருப்பிக் கேட்டிருக்கலாம், ‘ஒன்றுமில்லை’ என்று மேலதிகாரி சொன்ன பிறகு மீண்டும் கேட்பது எனக்கு வராது.

அவருடைய பென்சில் குறிகளும் உதவவில்லை. ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்துபோனதால் பரிந்துரைகள் பகுதியை மட்டும் இசையில்லாமல் முடித்திருந்தேன். ஏறக்குறைய எல்லாக் குறிகளும் அங்கேதான் விழுந்திருந்தன. பாட்டோடு எழுதிய பக்கங்களில் மூன்று ‘எனவே’க்களைத் தவிர அவர் பெரிதாக எதையும் தொடவில்லை. இதை என் கட்சிக்குச் சான்றாக வைக்க ஆசைதான். ஆனால் எந்த அறிக்கையிலும் அதிகம் அடிபடுவது பரிந்துரைகள் பகுதிதான். அதை எப்படி எழுதியிருந்தாலும் அவர் பென்சிலை எடுத்திருப்பார்.