முக்கால் கிலோ அல்வாவால் வந்த வினை

அம்பையில் பெரியப்பாவுக்கு ஒரு அல்வாக் கடை. பில் போடும் மென்பொருளை ஜாவாவில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அளவுகளுக்கு ஒரு எனம் (enum, இன்னின்ன மதிப்புகள்தான் என்று முன்பே எழுதிவைக்கும் பட்டியல்): கால், அரை, ஒன்று. (பேச்சில் ‘ஈனம்’ என்றுதான் சொல்கிறோம். தமிழில் எழுதினால் மானம் போகிறது.) ஆறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை.

தீபாவளி சமயத்தில் முக்கால் கிலோ டப்பாவும் வேண்டும் என்றார். அரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் ‘முக்கால்’ சேர்த்து, பாளையங்கோட்டையில் இருந்தபடியே ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை போன்.

“என்னல இது, ஒரு கிலோ வித்ததெல்லாம் முக்கால் கிலோன்னு காட்டுது?”

அவசரமாக பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டும்போதுதான் உறைத்தது: கடைக் கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை, கோளாறு என் கோடில். ஜேபிஏவில் (JPA, ஜாவா தரவை டேட்டாபேஸில் சேமிக்கும் முறை) நாம் எதுவும் சொல்லாவிட்டால் எனத்தின் பெயரைச் சேமிக்காது, 0-வில் தொடங்கும் வரிசை எண்ணைத்தான் சேமிக்கும். ‘ஒன்று’ என்பது 2 ஆக இருந்தது, இப்போது 3. பழைய 2 எல்லாம் முக்காலாகிவிட்டது. பஸ் காசு தண்டம்.

எல்லா 2-ஐயும் மொத்தமாக மாற்றவும் வழியில்லை. முந்தின நாள் சாயங்காலம் நிஜமாகவே சில முக்கால் கிலோ விற்றிருந்தது. நல்லவேளை, தொகையைத் தனியாகச் சேமித்திருந்தேன். அதை வைத்துப் பிரித்தேன்.

எனத்தை எப்படிச் சேமிப்பது என்று சொல்லும் எனூமரேட்டட் குறிப்பில் ஸ்ட்ரிங் (பெயராகவே சேமி) என்று முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு போட்டால் அது மட்டும் போதாது, டேபிளில் இருப்பது எண்ணுக்கான காலம் (column). எழுத்துக்குப் புதுக் காலம் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம் எனத்தில் பெயரையும் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள், பழைய பதிவைப் படிக்கும்போது வெடிக்கும்.

சரி, அடுத்து மிக்சர். அதற்கு 100, 200 கிராம் பொட்டலம். அல்வா எனத்தை எக்ஸ்டெண்ட் செய்து, அதாவது அதன் வாரிசாக இன்னொன்றை உருவாக்கப் பார்த்தேன், கம்பைலர் விடவில்லை. ஒவ்வொரு எனமும் ஏற்கனவே ஜாவாவின் எனம் கிளாஸின் வாரிசு, இரண்டாவது தகப்பனுக்கு இடமில்லை. ஆனால் இன்டர்ஃபேஸ் (என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம்) எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும். ‘கிராம்’ என்ற ஒரே மெத்தடோடு ஒரு இன்டர்ஃபேஸ் எழுதினேன், இரண்டு எனமும் அதை இம்ப்ளிமென்ட் செய்தன. பில் திரைக்கு இன்டர்ஃபேஸ் மட்டும் தெரிந்தால் போதும்.

சேமிக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு நாள் போனது. ஃபீல்டின் வகை இன்டர்ஃபேஸாக இருந்தால் எனூமரேட்டட் வேலை செய்யாது. ‘மிக்சர்:நூறு’ என்பதுபோல எழுதிவைத்துத் திருப்பிப் படிக்க ஒரு கன்வெர்ட்டர் எழுதினேன்.

நேற்று 150 கிராம் கேட்டார். வேண்டுமென்றே நடுவில்தான் சேர்த்தேன். இதுவரை போன் வரவில்லை.