பங்கருக்கு மேலே பூசணிக்கொடி

2001ஆம் ஆண்டு கோடையில் நாங்கள் கிழக்கு லண்டனின் இல்ஃபோர்ட் பகுதியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவில் நின்று பார்த்தால், பக்கத்து வீட்டு மூதாட்டியின் தோட்டத்து மூலையில் வளைந்த தகரக் கொட்டில் ஒன்று தெரியும். பாதி மண்ணுக்குள் புதைந்து, மேலே புல் முளைத்து, வாசலில் மண்வெட்டியும் பூச்சாடிகளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்த அதை ஏன் இவ்வளவு தாழ்வாகக் கட்டினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கேட்பதற்குப் போதிய ஆங்கிலமும் அப்போது என்னிடம் இருக்கவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரிப்பேன்.

அடுத்த ஆண்டு, ஆங்கிலம் படிக்கப் போன கல்லூரியில் எங்கள் வகுப்பை இம்பீரியல் வார் மியூசியம் என்ற போர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். துவக்குகளையும் ராங்கிகளையும் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை என்று முதல்நாள் இரவு கணவரிடம் சொன்னேன். வகுப்பில் சோமாலியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். லாம்பெத் நோர்த் நிலையத்தில் இறங்கி நடந்தபோது அவர்களும் அதிகம் கதைக்கவில்லை. பூங்காவுக்கு நடுவே தூண்களும் குவிமாடமும் கொண்ட கட்டடம். அதன் முன்னால் போர்க்கப்பல்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரண்டு 15 அங்குலப் பீரங்கிகள், குழல்களை வானத்துக்கு உயர்த்தியபடி நின்றன. கொசோவோப் பெண் அந்தக் குழல்களின் நேர்க்கோட்டைத் தவிர்த்து, புல்தரையில் இறங்கிச் சுற்றி நடந்தாள். நானும் அவள் பின்னால் போனேன்.

அந்தக் கட்டடம் 1815 முதல் 1930 வரை பெத்லம் மனநோய் மருத்துவமனையாக இருந்தது. 1936இலேதான் அருங்காட்சியகம் அங்கே வந்தது. ஆனால் அருங்காட்சியகம் அதைவிட மூத்தது. முதலாம் உலகப் போர் எப்படி முடியும் என்று ஒருவருக்கும் தெரியாத 1917ஆம் ஆண்டிலேயே அதைத் தொடங்கத் தீர்மானித்துப் பொருள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். 1920இல் அது கிரிஸ்டல் பலஸில் திறக்கப்பட்டபோது, இது படைப் பெருமையின் நினைவுச் சின்னமல்ல, மக்கள் பட்ட பாட்டினதும் தியாகத்தினதும் பதிவு என்ற பொருளில் அதன் பொறுப்பிலிருந்தவர் பேசியிருக்கிறார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, நாளைக்கு இதை யாராவது கேட்பார்கள் என்று ஒரு கடிதத்தையும் ஒரு தொப்பியையும் எடுத்துவைக்க ஒரு நாட்டுக்குத் தோன்றியிருக்கிறது என்பதை நான் பின்னர் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஓடியபோது எதை விட்டுவிட்டுப் போவது என்றுதான் யோசித்தோம்.

உள்ளே இரண்டாம் உலகப் போர்ப் பகுதியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் முன்னால் நான் நின்றுவிட்டேன். ஒரு தாயும் பிள்ளைகளும் வளைந்த தகரக் கூட்டின் வாசலில் குனிந்து நுழைகிறார்கள். பக்கத்து வீட்டுக் கொட்டில்! ஆசிரியை எனக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். விமானத் தாக்குதல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த சேர் ஜோன் ஆண்டர்சனின் பெயரால் அதை ஆண்டர்சன் ஷெல்ற்றர் என்றார்கள். 1939இல் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். நெளிதகடுகளை மேலே வளைத்துத் திருகாணியால் பூட்டி, நான்கு அடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, மேலே குறைந்தது 15 அங்குலத்துக்கு மண் போட வேண்டும். அந்த மண்ணில் மரக்கறி நட்டவர்கள் பலர். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் நிற்பது எனக்குத் தெரிந்த விடயம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பங்கரை, அதாவது பதுங்குகுழியை, அப்பா 1990இல் வெட்டினார். நேராக வெட்டினால் குண்டுச் சிதறலும் நேராக உள்ளே வரும் என்பதால், இறங்கியதும் ஒரு பக்கம் திரும்பும்படி ‘ட’ வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அம்மாவின் பழைய சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். மாரி வந்தால் முழங்கால் அளவு தண்ணீரும் தவளைகளும் இருக்கும். இறங்குவதற்கு முன் பாம்பு இருக்கிறதா என்று ஈர்க்குக்கட்டை நீட்டிப் பார்ப்போம். இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். அது எங்கே விழப்போகிறது என்பது எண்ணிக்கை முடிவதற்குள் தெரிந்துவிடும். பீப்பாக் குண்டு போட்ட விமானத்துக்குச் சகடை என்று ஊரே பெயர் வைத்திருந்தது. மேல்மண் மழையில் கரையாமலும், மேலேயிருந்து பார்ப்பவர்களுக்குப் புதுமண் தெரியாமலும் இருக்க அம்மா அதன்மேல் பூசணிக்கொடியைப் படரவிட்டார்.

அன்றைய பயணத்தை நான் முடிக்கவில்லை. அப்போது அங்கே ‘பிளிற்ஸ் அனுபவம்’ என்றொரு பகுதி இருந்தது. 1940–41இல் ஜெர்மன் விமானங்கள் லண்டன்மீது தொடர்ந்து குண்டு போட்டதைத்தான் பிளிற்ஸ் என்பார்கள். செங்கல் பதுங்கிடம் போன்ற இருட்டறையில் வாங்குகளில் உட்காரவைப்பார்கள்; அபாயச் சங்கு ஊதும், குண்டு விழும் சத்தம் கிட்ட வரும், வாங்கு அதிரும், பிறகு எரிந்த தெரு ஒன்றின் ஊடாக வெளியே அழைத்துப் போவார்கள். என் அருகில் இருந்த பாடசாலைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். வாங்கு முதலில் அதிர்ந்தபோதே நான் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். அது செய்துகாட்டும் சத்தம் என்று தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. வெளியே பூங்காவில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியை ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் இருந்தார்.

அந்த நவம்பர் 5ஆம் திகதி இரவு, வழக்கமான வாணவேடிக்கை தொடங்கியதும் நான் மாடிப்படிகளுக்குக் கீழே போய்விட்டேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். கதவு தட்டப்பட்டது, பக்கத்து வீட்டு மூதாட்டி நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு அழைத்துப் போய், வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தக் கொட்டிலைப் பற்றிக் கேட்டேன். அன்றுதான் நாங்கள் இருவரும் முதன்முதலாகக் கதைத்தோம் என்று சொல்ல வேண்டும். 1944இல் அவருக்கு ஆறு வயது. ஜெர்மனியிடமிருந்து ஆளில்லாமல் வந்த வி-1 பறக்கும் குண்டின் எந்திரம் இரைந்துகொண்டிருக்கும்வரை பயமில்லையாம். அது நின்றதும் தாயார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு எண்ணத் தொடங்குவாராம். எத்தனைவரை எண்ணுவார் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். பின்னர் வந்த வி-2 ரொக்கற் ஒலியைவிட வேகமாக வந்ததால் எண்ணுவதற்கே இடமிருக்கவில்லை. இல்ஃபோர்ட்டில் அவை பல விழுந்தன. பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தில் 1943 மார்ச் 3ஆம் திகதி இரவு, ஒரு குண்டும் விழாமலே 173 பேர் படிக்கட்டில் நெரிந்து இறந்ததையும் அவர்தான் சொன்னார். அருகே சொந்தப் படையினர் புதிதாக வைத்திருந்த ரொக்கற்றுகளின் சத்தத்தைக் கேட்டு மக்கள் முண்டியடித்து உள்ளே இறங்கியிருக்கிறார்கள். சத்தத்துக்குப் பயந்தவர்களை அவர் பேதைகளாக எண்ணவில்லை என்று அந்தக் கதையால் எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் எனக்கு ஓர் அயல் உண்டு என்று நான் உணர்ந்தது அந்தச் சமையலறையில்தான்.

மறுபடியும் அந்த அருங்காட்சியகத்துக்குப் போக எனக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2015இல், பாடசாலையில் உலகப் போரைப் படித்துக்கொண்டிருந்த பதினொரு வயது மகள் கேட்டதால் போனேன். கட்டடத்தின் உட்பகுதியை அதற்கு முந்தைய ஆண்டுதான் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். அதிரும் வாங்குகள் இல்லை. உயரமான நடுமண்டபத்தில் ஸ்பிற்ஃபயர் விமானம் தொங்கியது; வி-1உம் வி-2உம் இருந்தன. கையில் எண்ணிக்கை இல்லாமல் வி-1ஐ என்னால் பார்க்க முடியவில்லை. மகள் என் விரல்களைப் பார்த்துவிட்டு, “என்னம்மா எண்ணுறீங்கள்?” என்றாள். அம்மன்ரி சொன்ன கதையை அவளுக்குச் சொன்னேன். மகள் பக்கத்து வீட்டு மூதாட்டியை அப்படித்தான் அழைப்பாள். நாங்கள் கொக்குவிலில் எண்ணியதைச் சொல்லவில்லை.

என்னை அதிகம் நிறுத்திய பொருள் அந்த விமானங்களல்ல. நசுங்கித் துருவேறிய ஒரு கார். 2007 மார்ச் 5ஆம் திகதி பக்தாத்தில் புத்தகக் கடைகள் நிறைந்த அல்-முத்தனபி தெருவில் வெடித்த குண்டில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தெருவிலிருந்து மீட்ட கார் அது. ஜெரமி டெல்லர் என்ற கலைஞர் அதை அமெரிக்காவெங்கும் இழுத்துச் சென்று, பார்க்க வந்தவர்களை ஈராக்கைத் தெரிந்தவர்களோடு கதைக்கவைத்த பிறகு இந்த அருங்காட்சியகத்திடம் கொடுத்திருக்கிறார். கூரை இருக்கைவரை தாழ்ந்திருந்தது. பீரங்கிகளுக்கு வர்ணம் பூசிப் பாதுகாக்கிற ஓர் இடத்தில், ஒருவர் புத்தகம் வாங்கப் போன காரைத் துருவோடு அப்படியே வைத்திருப்பதுதான் போரைக் காட்டுவதில் நேர்மையானது என்று நான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது ரயிலில் மகள் கேட்டாள்: “எங்கட வீட்டில இருந்து அங்க வைக்க ஏதாவது இருக்கோ?” அருங்காட்சியகத்தின் ஒலிக்காப்பகம் 1972இலிருந்து சாதாரண மனிதர்களை உட்காரவைத்து அவர்கள் கதையைப் பதிந்துவருகிறது, அந்தக் குரல்கள் சிலவற்றை அவள் காதில் கேட்டிருந்தாள். பங்கீட்டுப் புத்தகங்களையும் பார்த்திருந்தாள்.

எங்களிடம் ஒன்று இருந்தது. 2009க்குப் பிறகு எங்களிடம் வந்துசேர்ந்த அம்மா, பொலித்தீன் பையில் நான்காய் மடித்து வைத்திருந்த நிவாரண அட்டை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து நடந்தபோது நாங்களும் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தோம். பின்னர் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்குப் போன இடத்தில் கிடைத்த அட்டை அது. அரிசி, பருப்பு, சீனி என்று கட்டங்கள், தேதிகள், முத்திரைகள். மேலே ஐந்து பெயர்கள். நான்காவது மாதத்தோடு முதலாவது பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. அதற்குக் கீழே அரிசியின் அளவு ஒரு ஆளுக்குரியது குறைத்து எழுதப்பட்டிருக்கிறது. அப்பா மலேரியாக் காய்ச்சலில் போனார். மகள் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு தன் கைப்பேசியை மேசையில் வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, “அம்மம்மா, பங்கர்ல இருந்து தொடங்குங்கோ” என்றாள். அம்மா இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. சொல்லமாட்டார் என்றே நினைத்தேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். நான் உதவுவதற்காக, பங்கர் மேலே நீங்கள் பூசணி நட்டதைச் சொல்லுங்கோ என்றேன்.

“அது நான் நடேல்லைப் பிள்ளை,” என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார் அம்மா. “உன்ர அம்மப்பாதான் நட்டவர். சங்கானைச் சந்தையில விதை வாங்கிக்கொண்டு வந்து, பின்னேரம் தானே தண்ணி ஊத்துவார். மூண்டு காய் காய்ச்சது.”