வேலை செஞ்சுகொண்டு ஒன்லைன்ல டிபிஏ: யுனிவர்சிட்டி தேடுறதுக்கு முன்னுக்கு கேக்க வேண்டிய கேள்வி

எம்பிஏ முடிச்ச ஆக்கள் இப்ப எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் நிறையப் பேர். பேங்க்ல, என்ஜிஓல, கச்சேரில, கூட்டுறவுல எண்டு எல்லா இடத்திலயும் இரிக்காங்க, அதில கனபேருக்கு அடுத்தது டிபிஏ, அதாவது வணிக நிர்வாகத்தில டாக்டர் பட்டம், எண்டு ஒரு யோசனை ஓடிக்கொண்டிரிக்கு. என்னட்ட வாற தம்பி தங்கச்சிமார் முதல் கேக்கிறது "அக்கா எந்த யுனிவர்சிட்டி நல்லம், எவ்வளவு முடியும்" எண்டுதான். நான் திருப்பிக் கேக்கிறது, உங்கட வேலை இடத்தில வருசக்கணக்கா தீராம கிடக்கிற பிரச்சினை எது, அதைப்பத்தின டேட்டாவ உங்களுக்கு யாரு தருவாங்க? இதுக்கு பதில் இல்லாம அட்மிஷன் எடுக்கிறது வாய்க்கால்ல தண்ணி வருமா எண்டு பாக்காம விதைச்ச கதைதான்.

நான் கல்முனைல ஒரு பேங்க்ல கடன் பிரிவில வேலை செய்யிறன், வீடு கல்லடி. விடியவும் பின்னேரமும் பஸ். 2021ல ஒரு யூகே யுனிவர்சிட்டில ஒன்லைன் டிபிஏ தொடங்கினன், போன வருசம்தான் வைவா, அதாவது கடைசி வாய்மொழிப் பரீட்சை, முடிஞ்சது. சம்மாந்துறைப் பக்கத்து சின்ன நெல் மில்லுக்காரரும் மருதமுனை கைத்தறி முதலாளிமாரும் பேங்க் கடனுக்கு தகுதி இரிந்தும் ஏன் வராம வெளியில கைமாத்துக்கும் கூடின வட்டிக்கும் போறாங்க எண்டதுதான் என்ட தலைப்பு. இது நான் தேடிக் கண்டுபிடிச்ச தலைப்பு இல்ல, ஒவ்வொரு மாசமும் டார்கெட் மீட்டிங்ல மேனேஜர் கேக்கிற கேள்வி, அவ்வளவுதான்.

டிபிஏயும் பிஎச்டியும் ஒரே உயரத்து படிப்புத்தான், சும்மா லேசான பிஎச்டி எண்டு யாரும் சொன்னா நம்பாதீங்க. பிஎச்டில தியரில என்ன ஓட்டை இரிக்கு எண்டு தொடங்குவாங்க, டிபிஏல வேலை இடத்துப் பிரச்சினைல இரிந்து தொடங்கி தியரிக்குப் போய் திரும்பவும் வேலை இடத்துக்கு வரணும். முதல் பகுதி மொடியூலும் அசைன்மெண்டும், மறுகா ப்ரபோசல் (ஆய்வுத் திட்டம்), எதிக்ஸ் அனுமதி (ஆய்வால ஆக்களுக்கு கேடு வராது எண்டு யுனிவர்சிட்டி பாத்துத் தாறது), தீசிஸ் (ஆய்வேடு), வைவா. பார்ட் டைம்ல செஞ்சா சாதாரணமா 4ல இரிந்து 6 வருசம் போகும். 12 மாசத்தில டாக்டர் ஆக்கிவிடுறம் எண்டு வட்ஸப்ல போஸ்டர் வந்தா அத போர்வேர்ட் பண்ணாம அழிச்சுவிடுங்க.

அங்கீகாரத்தப்பத்தி கொஞ்சம் சொல்லோணும், ஏனெண்டா காசு போறது இதிலதான். இலங்கைல எஸ்எல்கியூஎப் (இலங்கைத் தகைமைச் சட்டகம்) எண்டு படிப்புகளுக்கு 12 படி வச்சிரிக்காங்க, டொக்டரேட் 12ல, எம்பில் 11ல, ஆராய்ச்சியோட உள்ள மாஸ்டர்ஸ் 10ல, வெறும் கோர்ஸ்வேர்க் மாஸ்டர்ஸ் 9ல. யூகேல படி வேற, ஸ்கொட்லாந்த விட்டா அங்க டொக்டரேட் எண்டா லெவல் 8. இந்த இடத்திலதான் ஏஜென்சிக்காரர் விளையாடுறது, "லெவல் 8 டிப்ளோமா" எண்டு ஒண்டு இரிக்கு, அது லெவல் 8 தான் பொய்யில்ல, ஆனா டிப்ளோமா டிப்ளோமாதான், அத முடிச்சா நீங்க டாக்டர் இல்ல, அதுக்குப் பிறகு ஒரு யுனிவர்சிட்டி உங்கள எடுத்து தீசிஸ் எழுதவச்சு வைவா வச்சாத்தான் டிகிரி. டிகிரிய எந்த யுனிவர்சிட்டி தாறது, சேர்ட்டிபிக்கேட்டில எந்தப் பேர் இரிக்கும், இந்த ரெண்டையும் ஏஜென்டிட்ட எழுத்தில கேளுங்க. வாயால சொல்றவங்க எழுத்தில சொல்ல இழுப்பாங்க, அதிலயே பாதி விளங்கிரும்.

வெளிநாட்டு யுனிவர்சிட்டி எண்டா யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஏத்துக்கொள்ளுமா எண்டு யூஜிசிட்டயே கேக்கலாம், அதோட சர்வதேச யுனிவர்சிட்டி சங்கம் யுனெஸ்கோவோட சேர்ந்து வச்சிரிக்கிற உலக உயர்கல்வி டேட்டாபேஸ்ல பேர் இரிக்கா எண்டு வீட்டில இரிந்தே பாக்கலாம். ஏஏசிஎஸ்பி, ஏஎம்பிஏ, ஈக்விஸ் எண்டு மூணு அக்ரெடிட்டேஷன் இரிக்கு, ஏஏசிஎஸ்பியும் ஈக்விசும் பிஸ்னஸ் ஸ்கூல பாக்கிறது, ஏஎம்பிஏ டிபிஏ ப்ரோக்ராமையே பாத்து குடுக்கிறது. இரிந்தா நல்லம், இல்லாட்டி மோசம் எண்டு இல்ல. ஆனா வந்தாறுமூலைல கிழக்குப் பல்கலைக்கழகத்திலயோ ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலயோ லெக்சரரா போற ஆசை இரிக்கிறவங்க, ஒன்லைன் டிபிஏய அந்தப் பதவிக்கு எடுப்பாங்களா எண்டு அந்த யுனிவர்சிட்டிட்டயே கடிதம் போட்டுக் கேட்டு பதில பைல்ல வச்சுக்கொண்டு மறுகா காசு கட்டுங்க. கௌரவ டாக்டர் பட்டத்த காசுக்கு விக்கிறவங்களப்பத்தி நான் ஒண்டும் சொல்லல்ல, பொன்னாடையோட போட்டோ வருது, நீங்களே பாத்திரிப்பீங்க.

காசு விசயத்தில நான் சேந்த நேரம்தான் நேரம். 2022 தொடக்கத்தில டொலர் 200 ரூபாய் சொச்சம், மார்ச்ல ரூபாய்ட பெறுமதிய சந்தை தீர்மானிக்கட்டும் எண்டு விட்டாங்க, மே மாசம் 360 அளவுக்குப் போயிட்டு. 1000 டொலர் எண்டா 2 லட்சமா இரிந்தது 3 லட்சத்து 60 ஆயிரம், பவுண்சும் அதே மாதிரித்தான் ஏறிச்சு, சம்பளம் அதே சம்பளம். அதனால பீஸ தவணைல கட்டலாமா, ஒரு வருசம் நிப்பாட்டி வச்சு திரும்பச் சேரலாமா, நிப்பாட்டின காலத்துக்கும் பீஸ் எடுப்பாங்களா எண்டதெல்லாம் ஒபர் லெட்டர்ல பாருங்க. குறிச்ச காலம் தாண்டினா எக்ஸ்டென்ஷன் பீஸ், தீசிஸ திருப்பி சப்மிட் பண்ணினா அதுக்கொரு பீஸ், இது விளம்பரத்தில வராது. கையில உள்ள காசுக்கு மேல லோன் எடுத்துப் படிக்க வேணாம் எண்டு லோன் குடுக்கிற நானே சொல்றன்.

இனி டேட்டா. என்ட அனுபவத்தில ஆக்கள் அரைவழில நிக்கிறது இதிலதான், எழுதத் தெரியாம நிக்கிறவங்க குறைவு.

நீங்க வேலை செய்யிற இடத்த வச்சு ஆய்வு செய்தா யுனிவர்சிட்டி ஒரு அனுமதிக் கடிதம் கேக்கும், நிறுவனத்தில பொறுப்பான ஆள் சைன் வச்சது. எங்கட கிளை மேனேஜர் தங்கமான மனிசன், ஆனா அவர் சைன் வச்சா காணாது, கொழும்பு ஹெட் ஒபிஸ்தான் வைக்கோணும், அங்க எச்ஆர்ல இரிந்து லீகலுக்கும் லீகல்ல இரிந்து கம்ப்ளையன்சுக்கும் பைல் நடந்துகொண்டே இரிக்கும். பேங்க் எண்டா 1988ம் ஆண்டு 30ம் இலக்க பேங்கிங் சட்டத்தில வாடிக்கையாளர் ரகசியம் காக்கோணும் எண்டு இரிக்கு, 2022ம் ஆண்டு 9ம் இலக்க தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டமும் வந்திட்டு, அவங்க பயப்படுறது நியாயம்தான். அதனால கேக்கிற கடிதத்தில என்ன எடுப்பன் எண்டு எழுதுறதோட, என்ன எடுக்கமாட்டன் எண்டும் எழுதுங்க: வாடிக்கையாளர் பேர், கணக்கு இலக்கம், கடன் தொகை ஒண்டும் சிஸ்டத்தில இரிந்து எடுக்கமாட்டன், ஆக்களிட்ட நேராப் போய் அவங்க சம்மதத்தோட மட்டும் கேப்பன் எண்டு. அப்படி எழுதிக்குடுத்தா ஓம் எண்டுறது அவங்களுக்கும் லேசு. இந்த வேலைய ப்ரபோசல் மொடியூல் ஓடேக்கயே தொடங்குங்க, எதிக்ஸ் போர்ம் வாற வரைக்கும் பாத்துக்கொண்டிராதீங்க.

எதிக்ஸ் கமிட்டி என்னட்ட கேட்ட கேள்வி, கடன் குடுக்கிற ஒபிசர் நீங்க, கடன் கேட்டு வாற ஆள் உங்கட பேட்டிக்கு மாட்டன் எண்டு சொல்லுவாரா எண்டு. ஞாயமான கேள்வி. அதுக்காக என்ட கிளைல கணக்கு உள்ள ஆக்கள முழுசா விட்டிட்டு, வேற பேங்க் வாடிக்கையாளரையும் பேங்க்குக்கே வராத ஆக்களையும் எடுத்தன், அறிமுகத்துக்கு மில்லுக்காரர் சங்கத்தையும் நெசவாளர் சங்கத்தையும் பிடிச்சன். நீங்க மேனேஜரா இரிந்து உங்களுக்கு கீழ வேலை செய்யிற ஆக்களிட்டயே கேள்விக்கொத்து குடுக்கப்போறீங்க எண்டாலும் இதே சிக்கல்தான், பேர் இல்லாம ஒன்லைன் போர்ம், இல்லாட்டி வேற மாவட்டக் கிளை எண்டு முன்னுக்கே யோசிச்சு வையுங்க.

சம்மதப் பத்திரம் இன்னொரு கதை. எங்கட ஆக்கள் போர்ம் எண்டாலே ஒரு மாதிரித்தான் பாப்பாங்க, சண்டைக் காலத்திலயும் சுனாமிக்குப் பிறகும் எத்தனையோ பேர் வந்து விபரம் எடுத்துக்கொண்டு போனவங்க, மறுகா நுண்கடன்காரர் வந்து சைன் வாங்கினாங்க. ஒரு மில் முதலாளி தேத்தண்ணி எல்லாம் தந்து நல்லாக் கதைச்சிட்டு, சைன் எண்டதும் "இது கிரிப்ல விழாதா தங்கச்சி" எண்டு கேட்டார், கிரிப் எண்டது ஆக்கள்ட கடன் விபரம் பதியிற பணியகம். வாய்மூலச் சம்மதத்த ரெக்கோர்ட் பண்ணி எடுக்கலாமா எண்டு எதிக்ஸ் போர்ம்லயே கேளுங்க, காரணத்த ஒழுங்கா எழுதினா அனுமதி கிடைக்கும், எனக்குக் கிடைச்சது.

கேள்விக்கொத்த இங்கிலீஸ்ல அப்ரூவ் பண்ணினாலும் இஞ்ச தமிழ்லதான் குடுக்கோணும். நீங்க தமிழாக்கினத வேற ஒரு ஆளிட்ட குடுத்து இங்கிலீஸ்ல ஆக்கச் சொல்லி, அது முதல் இங்கிலீஸோட ஒத்துவருதா எண்டு பாருங்க, தீசிஸ்ல இத ஒரு பந்தி எழுதினா எக்ஸாமினர் அந்தப் பக்கம் கேள்வி கேக்கிறது குறையும். 5 புள்ளி அளவுகோல்ல (1 எண்டா ஒத்துக்கொள்ளவே இல்ல, 5 எண்டா முழுசா ஒத்துக்கொள்றன்) எங்கட மனிசர் மரியாதைக்கு எல்லாத்துக்கும் 4 போடுவாங்க, அதால பத்துப் பதினைஞ்சு பேரிட்ட முதல் ஒருக்கா பரீட்சிச்சுப் பாக்காம பெரிய சர்வேக்குப் போகாதீங்க. சாம்பிள் அளவுக்கு கிரெஜ்சி மோர்கன் அட்டவணைய எல்லாரும் பாவிக்கிறது, 500 பேர் உள்ள கூட்டத்துக்கு 217, 1000க்கு 278. சின்ன ஊர்ல அவ்வளவு மில்லே இல்லாட்டி சர்வேய விட்டுட்டு ஆழமான பேட்டிக்குப் போறது புத்தி, டிபிஏக்கு அது பொருந்தியும் வரும். ஆனா ஒரு மணித்தியாலத் தமிழ்ப் பேட்டிய எழுத்தாக்கி இங்கிலீஸாக்க ஒரு வார இறுதி முழுசாப் போயிரும், அதையும் கணக்கில எடுங்க.

இன்னொண்டு, காலம். பெப்ரவரி மார்ச் மகா போக அறுவடைக்குள்ள மில்லுக்காரரிட்ட போனா வாசல்ல லொறி நிக்கும், உங்களப் பாக்க நேரம் இரிக்காது. நோன்பு மாசம் பகல்ல போய் ரெண்டு மணித்தியாலம் கதைக்கச் சொல்றது சரியில்ல, பெருநாளுக்கு முன்னுக்கு தறிக்காரர் எல்லாரும் ஓடர்ல ஓடுவாங்க. நவம்பர்ல இரிந்து ஜனவரி வரைக்கும் மழை வெள்ளம், ரோட்டும் போகும் கரண்டும் போகும். இதெல்லாம் கழிச்சா வருசத்தில கள வேலைக்கு மிஞ்சிறது கொஞ்ச மாசம்தான், யூகேல இரிக்கிற சுப்பவைசருக்கு இது தெரியாது, டைம்லைன் போடேக்க நீங்கதான் சொல்லோணும்.

சுப்பவைசர்மார் நல்ல ஆக்கள்தான், ஆனா தூரத்தில இரிக்காங்க. அங்க பின்னேரம் 6 மணி மீட்டிங் எண்டா கோடை காலத்தில எங்களுக்கு இரவு 10.30, மார்ச் கடைசியிலயும் ஒக்டோபர் கடைசியிலயும் அவங்க மணிக்கூட்ட மாத்துவாங்க, குளிர் காலத்தில 11.30 ஆகிரும். அங்க காலமை எட்டரை ஒன்பதுக்குக் கேட்டுப் பாருங்க, எங்களுக்கு பகல் சாப்பாட்டு நேரம், லீவு இல்லாமலே சமாளிக்கலாம். மீட்டிங்குக்கு முன்னுக்கு கேள்விகள ஈமெயில்ல அனுப்பி, முடிஞ்சதும் அண்டைக்கே "நீங்க சொன்னது இது, நான் செய்யப்போறது இது" எண்டு எழுதிப் போடுங்க. சுப்பவைசர் மாறினா, அது நடக்கிற விசயம், அந்த ஈமெயில்தான் உங்களக் காப்பாத்தும்.

படிக்கிற நேரம் ஆளாளுக்கு வித்தியாசம், எனக்கு விடிய 4 மணி. 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்க, அப்ப பழகினது, கட்டுரைகள முன்னுக்கே டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்து பஸ்ல வாசிக்கிறது. ஸொட்டேரோ எண்டது ரெபரன்ஸ் சேர்த்து வைக்க சும்மா கிடைக்கிற மென்பொருள், முதல் நாளே போட்டு வாசிக்கிற எல்லாத்தையும் அதுக்குள்ள போடுங்க. சட்ஜிபிடிட்ட ரெபரன்ஸ் கேக்காதீங்க, இல்லாத கட்டுரைய இரிக்கிற மாதிரித் தரும், ஏஐ பாவிச்சா எவ்வளவு, எதுக்கு எண்டு சொல்லோணும் எண்டு யுனிவர்சிட்டிக்கு விதி இரிக்கும், அத வாசியுங்க. தீசிஸ் எழுதித் தாறம் எண்டு வாறவங்களப்பத்தி, இங்கிலாந்தில 2022ல இரிந்து காசுக்கு அசைன்மெண்ட் எழுதிக்குடுக்கிற தொழிலே சட்டப்படி குற்றம், வைவால உங்கட மெதடோலொஜிய நீங்களே விளங்கப்படுத்த ஏலாட்டி அங்கயே தெரிஞ்சிரும்.

வைவா எனக்கு ஒன்லைன்ல நடந்தது. அதில கூட நேரம் போனது ஸ்டட்டிஸ்டிக்ஸ்ல இல்ல, "இந்த ஆய்வால உங்கட தொழில்ல என்ன மாறும்" எண்டதில. மில்லுக்காரர் பேங்க்குக்கு வராததுக்கு அவங்க சொன்ன காரணத்தில வட்டி பின்னுக்குத்தான், முன்னுக்கு நிண்டது காணி உறுதில உள்ள பிரச்சினையும், அறுவடைல மட்டும் கையில காசு வாற ஆக்களிட்ட கடனுக்கு மாசா மாசம் தவணை கேக்கிறதும். போகத்துக்கு ஒருக்கா கட்டுற மாதிரி ஒரு தவணைத் திட்டத்த வரைஞ்சு பின்னிணைப்பில வச்சிரிந்தன், அதத்தான் ரெண்டு எக்ஸாமினரும் துருவித் துருவிக் கேட்டாங்க. உங்கட தீசிஸ்லயும் அப்படி கையில பிடிச்சுக் காட்டக்கூடிய ஒண்டு, ஒரு போர்மோ, ஒரு நடைமுறையோ, இரிக்கோணும்.

வைவா அண்டைக்கே டாக்டர் எண்டு பேஸ்புக்ல போடாதீங்க. பெரும்பாலான ஆக்களுக்கு சின்னத் திருத்தம் வரும், அத முடிச்சு குடுத்து, அவங்க ஏத்து, யுனிவர்சிட்டி அவார்ட் லெட்டர் தந்தாத்தான் பட்டம். ப்ரமோஷனுக்கு எச்ஆர் சேர்ட்டிபிக்கேட்ட உறுதிப்படுத்தக் கேக்கும், யூகே டிகிரி எண்டா ஹெட் எண்டு அவங்கட நாட்டு சரிபார்ப்புச் சேவை ஒன்லைன்லயே இரிக்கு, ஆனா அதுக்கு உங்கட சம்மதக் கடிதம் தேவைப்படும், அதையும் சைன் வச்சு சேர்ட்டிபிக்கேட் கொப்பியோட சேர்த்தே குடுத்துவிடுங்க.