டெக்ஸோமா ஏரியில் ஒரு கடல் மீன்

டல்லாஸிலிருந்து 75ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் டெனிசன் வருகிறது. அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் பிறந்த ஊர். ஊருக்குச் சற்றுத் தள்ளி ரெட் ஆற்றை மறித்து நிற்கிறது டெனிசன் அணை. 1944இல் கட்டி முடித்தபோது, மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி உருளையால் இறுக்கிக் கட்டிய அணைகளில் அமெரிக்காவிலேயே பெரியது இதுதான். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய வீரர்களைக் கொண்டுவந்து ஏரிக்கான நிலத்தில் மரம் வெட்ட வைத்திருக்கிறார்கள். அணைக்குப் பின்னால் தேங்கும் நீர்தான் டெக்ஸோமா ஏரி. பாதி டெக்சாஸ், பாதி ஓக்லஹோமா, பெயரும் அப்படியே.

வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவும் கட்டிய அணை இது. ஆனால் இன்று இங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்பது ஒரே ஒரு மீனைத்தான். ஸ்ட்ரைப்ட் பாஸ், உள்ளூரில் ஸ்ட்ரைப்பர். நம் கொடுவாவின் உடல்வாகு. வெள்ளி விலாவில் ஏழெட்டுக் கருங்கோடுகள். அட்லாண்டிக் கடற்கரை மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் ஆறுகளில் ஏறி வரும். கடலிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஏரிக்கு அது எப்படி வந்தது என்ற கேள்விதான் என்னை இங்கே இழுத்து வந்தது. அக்கா குடும்பம் டல்லாஸை அடுத்த பிளேனோவில் இருக்கிறது. அத்தானுக்குத் தூண்டில் என்றால் உயிர். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்குப் படகு சொல்லி வைத்திருந்தார்.

விடியும் முன்பே படகுத்துறையில் இருந்தோம். படகோட்டி ஐம்பதைத் தாண்டியவர், இந்த ஏரிக்கரையிலேயே வளர்ந்தவர். முதல் வேலை இரை பிடிப்பது. துறையின் விளக்கு வெளிச்சத்துக்கு ஷாட் என்னும் சிறு மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. அவர் வீச்சுவலையை எடுத்து, ஈயக்குண்டு கோத்த விளிம்பில் ஓரிடத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. நம் ஊர்க் குளங்களில் பார்த்த அதே வீச்சு, அதே பல்.

பிடித்த ஷாட்டுகளை வட்ட வடிவத் தொட்டியில் விட்டு, ஒரு பிடி உப்பும் போட்டார். தொட்டி ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டேன். ஷாட் ஓயாமல் நீந்தும் மீன்; மூலை இருந்தால் அதில் போய் ஒண்டி, மூக்கை முட்டிக்கொண்டு செத்துப்போகும் என்றார். வலைபட்டு உதிர்ந்த செதில்களுக்கு உப்பு மருந்து. இரைக்கு இத்தனை பராமரிப்பா என்று தோன்றியது. உயிருள்ள இரை துடித்தால்தான் ஸ்ட்ரைப்பர் திரும்பிப் பார்க்குமாம்.

ஏரி நடுவே போய் என்ஜினை அணைத்தார். ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் திரையில், அடிமட்டத்துக்குச் சற்று மேலே மீன்கள் வளைந்த கோடுகளாகத் தெரிந்தன. ஷாட்டின் மூக்கில் முள்ளைக் கோத்து, தூண்டிலை அந்த ஆழத்துக்கு இறக்கினோம். கோலைப் பிடியிலேயே வைத்திருங்கள், அவசரப்பட்டுச் சுண்டாதீர்கள் என்றார். முதலில் இரை மட்டும் பதறுவது விரலுக்குத் தெரிந்தது. பிறகு கோலின் முனை நீருக்குள்ளேயே போய்விட்டது. ரீல் கரகரவென்று நூலை விட்டுக்கொண்டே இருந்தது. ஆற்றை எதிர்த்து ஏறும் மீனின் பலம் என்ன என்பதை என் மணிக்கட்டு அன்று தெரிந்துகொண்டது.

இந்த மீன் உள்நாட்டு ஏரிகளுக்கு வந்த வரலாறு தென் கரோலினாவில் தொடங்குகிறது. 1941இல் சாண்டி ஆற்றை மறித்துக் கட்டிய அணைக்கு மேலே சிக்கிக்கொண்ட ஸ்ட்ரைப்பர்கள் சாகவில்லை. கடலுக்குப் போகாமலே வளர்ந்து, இனமும் பெருக்கின. அதைப் பார்த்துத்தான், நன்னீர்த் தேக்கங்களில் இந்த மீனை வளர்க்கலாம் என்ற எண்ணமே வந்தது. 1960களில் அங்கே மாங்க்ஸ் கார்னர் என்ற ஊரின் குஞ்சுப்பொரிப்பகத்தில், கருவுற்ற பெண்களின் உடலில் சுரக்கும் ஹார்மோனை ஊசியாகப் போட்டுப் பெண் மீன்களை முட்டையிட வைக்கக் கற்றார்கள். அதன்பின் குஞ்சுகள் நாடெங்கும் போயின. டெக்ஸோமாவில் ஓக்லஹோமா வனவிலங்குத் துறை 1965இல் குஞ்சுகளை விடத் தொடங்கியது. 1974க்குப் பிறகு விட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. மீன் தானாகவே பெருக ஆரம்பித்திருந்தது.

ஸ்ட்ரைப்பர் விட்ட பெரும்பாலான ஏரிகளில் இது நடக்கவில்லை என்பதுதான் முக்கியம். பெரிய பெண் மீன் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். அந்த முட்டை மிதப்பதும் இல்லை, உடனே மூழ்குவதும் இல்லை. பொரிக்கும்வரை, ஏறக்குறைய இரண்டு நாள், ஓடும் நீர் அதைத் தாங்கிக்கொண்டு போக வேண்டும். ஓட்டம் நின்றால் வண்டலில் படிந்து மூச்சுமுட்டிச் செத்துவிடும். அணைக்கு மேல் அணை கட்டிய ஆறுகளில் இரண்டு நாள் ஓடுவதற்குத் தண்ணீருக்கு வழி ஏது? டெக்ஸோமாவுக்கு மேலே ரெட் ஆறும் வாஷிடா ஆறும் நெடுந்தூரம் தடையின்றி ஓடி வருகின்றன. ரெட் ஆறு வழியில் உப்பூற்றுகளின் நீரையும் சேர்த்துக்கொண்டு வருவதால் ஏரி நீரில் இலேசான உப்பும் உண்டு. ஏப்ரலில் நீர் வெதுவெதுப்பானதும் மீன்கள் கூட்டமாக ஆற்றில் ஏறிவிடும், அப்போது படகுகளும் பின்னாலேயே போகும் என்றார் படகோட்டி.

தானாகப் பெருகாத ஏரிகளுக்குப் பண்ணைக் குஞ்சுகளே கதி. விடுவதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் மீன் அற்றுப்போகும். பண்ணைக்கு ஒன்று நேர்ந்தால் எல்லா ஏரிகளும் சேர்ந்து தவிக்கும். 2001இல் வட டெக்சாஸின் டண்டீ அரசுப் பண்ணையில் மீனைக் கொல்லும் நஞ்சை உமிழும் பொன்னிறப் பாசி பெருகி, அந்த ஆண்டின் ஸ்ட்ரைப்பர் குஞ்சுகள் அழிந்தன. நான் பண்ணைகளைக் குறை சொல்லவில்லை. அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் டெக்ஸோமாவின் பெருமையைச் சொல்கிறவர்கள் லாரியில் வந்த குஞ்சுகளைப் பற்றியே பேசுகிறார்கள். மறிக்கப்படாமல் விடப்பட்ட ஆற்றைப் பற்றிப் பேசுவதில்லை. பாராட்டில் பெரும் பங்கு ஆற்றுக்குத்தான் போக வேண்டும். வாஷிடாவில் நாளை யாராவது இன்னோர் அணை கட்டினால், எத்தனை லாரி குஞ்சு விட்டாலும் இன்றைய டெக்ஸோமா கிடைக்காது.

இதற்கெல்லாம் யார் பணம் தருகிறார்கள் என்று அத்தானிடம் கேட்டேன். தூண்டில்காரர்களேதான் என்றார். 1950இல் வந்த டிங்கெல்–ஜான்சன் சட்டப்படி, கோல், ரீல், முள் ஆகியவற்றின் மீது உற்பத்தியாளர் கட்டும் வரி மாநில மீன்வளத் துறைகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. 1984இல் மோட்டார் படகு எரிபொருள் வரியும் அதில் சேர்ந்தது. மீன் பிடிக்கிறவனின் காசு மீனுக்கே திரும்பும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விதிகளும் கறார்தான். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மீன்; அதில் இருபது அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவை இரண்டுக்கு மிகக் கூடாது. பெட்டியில் போட்ட மீனை, பெரியது கிடைத்ததும் எடுத்து எறிந்துவிட்டு மாற்றிக்கொள்வதும் குற்றம். காரணம் இருக்கிறது. ஆழத்திலிருந்து இழுத்த ஸ்ட்ரைப்பரை, அதுவும் கோடையில், திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. மேல்நீர் சுடுகிறது, அடிநீரில் ஆக்சிஜன் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு மெல்லிய நீரடுக்குதான் பெரிய மீன்களுக்கு வீடு.

பத்து மணிக்கெல்லாம் கரை திரும்பினோம். துறையில் நீளமான மேசை, தண்ணீர்க் குழாய், அதைச் சுற்றிக் காத்திருக்கும் கடற்காகங்கள். படகோட்டி மின்சாரக் கத்தியால் செவுளுக்குப் பின்னால் ஒரு வெட்டு, வால்வரை ஒரு இழுப்பு. ஒரு பக்கத் துண்டு தனியாக வந்தது. தோலை உரித்ததும் சதையின் நடுவே கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அதைச் சீவி எறிந்தால்தான் கவிச்சி போகுமாம். தலையும் முள்ளும் நேரே குப்பைத் தொட்டிக்குள். அத்தான் பாய்ந்து தடுத்து நான்கு தலைகளை வாங்கிக்கொண்டார். அக்கா அன்றிரவு புளி கூடுதலாக விட்டுக் குழம்பு வைத்தாள். கன்னச் சதை மிருது. மற்றபடி கடல் மீனின் ருசி இதற்கு இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. டெக்ஸோமா ஏரிக்கென்றே தனி உரிமம் இருக்கிறது. அதை வாங்கினால் இரு மாநிலப் பகுதியிலும் பிடிக்கலாம், எல்லைக் கோடு எங்கே என்று தேட வேண்டாம். தலை வேண்டுமென்றால் படகில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.